ஒன்பதாம் நம்பரில் நின்ற கிரேன்

ஜெயமணி அக்கா இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடுகிறார். இந்த வருஷம் ஆனி மாதம் வரைக்கும் அப்படி இல்லை. வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நிக்கல" என்பார். சில நாள் "இன்னைக்கும் நின்னுட்டு" என்பார். இந்த இரண்டில் ஒன்றைச் சொன்ன பிறகுதான் செருப்பையே கழற்றுவார்.

நின்றது கிரேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஓசூர் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் அவருக்கு அடுத்த கதவு எங்களுடையது. ப்ளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்கிற எனக்கு, அக்கா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன கதை இது. எனக்கே முதலில் புரியவில்லை. அதனால் எனக்குப் புரிந்த வழியிலேயே எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வண்டிகளுக்கு உதிரிபாகம் அடிக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் பிசிறு எடுக்கும் மேஜையில் நின்றார். சூடு ஆறி வரும் இரும்புத் துண்டின் ஓரத்தில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பதை, கையில் பிடிக்கும் கிரைண்டரால் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு துண்டு. கிரைண்டரின் அதிர்வு மணிக்கட்டில் இறங்கி, கடைசியில் சோற்றைப் பிசையக்கூட முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. "இனிமே அந்த மெஷினைத் தொடாதீங்க. தொட்டால் இந்தக் கை கரண்டிகூடப் பிடிக்காது" என்று டாக்டர் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அக்கா தானாகப் போய்ப் பேர் கொடுத்தார். பன்னிரண்டு ஆண்களோடு உட்கார்ந்து படித்து, பரீட்சையில் இரண்டாவதாக வந்தார். அந்தக் கம்பெனியில் கிரேன் ரிமோட்டை இடுப்பில் கட்டிய முதல் பெண் அவர்தான். கட்டைவிரலால் பட்டனை அழுத்தினால் போதும், தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேன், உதிரிபாகத்தை வார்ப்பாக அடிக்க உதவும் மூன்று டன் இரும்பு அச்சைப் பூப்போலத் தூக்கும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது.

அப்புறம் ஏப்ரலில் கிரேன் நிற்க ஆரம்பித்தது.

ரிமோட்டுக்கும் கிரேனுக்கும் நடுவில் கம்பி கிடையாது. கிரேனின் உச்சியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. இடுப்பில் இருக்கும் ரிமோட், ஆன் செய்த நேரத்திலிருந்து, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று ரேடியோ அலையில் அந்தப் பெட்டியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தாவிட்டாலும் சொல்லும். அரை விநாடிக்கு அந்தக் குரல் கேட்காவிட்டால், ஆபரேட்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பெட்டி கிரேனை நிறுத்திவிடும். இது ஒரு பாதுகாப்பு. ஆனால் மூன்று டன் அச்சு அந்தரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால், அது ஊஞ்சல் மாதிரி ஆடும்.

முதல் தடவை நின்றபோது பக்கத்து மெஷின் கம்பியில் அச்சு இடித்துத் தீப்பொறி பறந்தது. யாருக்கும் அடியில்லை. சூப்பர்வைசர் விஜயகுமார் ஓடி வந்தார்.

"சிவப்பு பட்டன்ல கை பட்டுச்சா?"

"இல்ல சார். நான் தொடவே இல்ல."

"அப்ப தானா நின்னுதா? முதல் கிரேன் ஓட்டுற முனிசாமிக்கு நிக்கலையே. மூணாவது கிரேன் நிக்கலையே. உங்களுது மட்டும் ஏன்மா நிக்குது?"

மெமோ வந்தது. மே மாதம் மறுபடி நின்றது. இரண்டாவது மெமோவைக் கொடுக்கும்போது விஜயகுமார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. வேறு ஒரு கம்பெனியில் கிரேனுக்குக் கீழே ஒருவர் இறந்ததை நேரில் பார்த்தவர். "ஜெயமணி, இன்னொரு வாட்டி லோடோட நின்னுதுன்னா நான் ரிமோட்டை வாங்கிடுவேன். திரும்ப மேஜைக்குத்தான் போகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

மேஜை என்றால் கிரைண்டர். அக்கா அன்றைக்குச் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பேட்டரி என்றார்கள். புது பேட்டரி போட்டார்கள். எலக்ட்ரீஷியன் ராமப்பன் ஏணி போட்டு ஏறி, பெட்டியின் ஒயரை எல்லாம் இழுத்துப் பார்த்து இறங்கினார். அவர் பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. "பெட்டி பங்காரம் மாதிரி இருக்கும்மா. தங்கம்!" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் திருஷ்டி என்று முடிவாயிற்று. பொம்பளை கிரேன் ஓட்டுவதை எத்தனை கண் பார்க்கிறது! யாரோ ஒருவர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, கிரேன் ஏறும் ஏணியில் கட்டிவிட்டார். யாருடைய கண் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். முதல் கிரேன் ஓட்டும் முனிசாமி அண்ணன். கிரேன் நின்ற இரண்டு தடவையும் அவர் அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

முனிசாமி அண்ணன் சூளகிரி பக்கத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வியாதி இருப்பதால் அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் மெஷின் முன்பு கேட் பக்கம் இருந்தது. வெயில் காலத்துக்காக மார்ச்சில் அதை உள்ளே கொண்டுவந்து, அக்காவின் கிரேன் ஓடும் பகுதியின் கிழக்கு மூலையில் வைத்தார்கள். அங்கே டம்ளரைப் பிடித்துக்கொண்டு, மேலே கிரேன் போவதைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் குடிப்பது அவர் பழக்கம்.

"என்னா முனிசாமி, இன்னிக்கு யார் கிரேனை நிறுத்தப்போற?" என்று பேக்கிங் ஆட்கள் கேட்பார்கள்.

"எங்கண்ணுக்கு அவ்ளோ பவர் இருந்தா, எங்க ஊட்டுக்காரி சீரியலை நிறுத்திப் பாத்திருக்க மாட்டனா?" என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஜூன் முதல் வாரத்திலிருந்து அவர் கிழக்கு மூலைக்கு வரவில்லை. வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்.

அக்கா இதற்கிடையில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டாவது மெமோவுக்குப் பிறகு ஒரு சாக்பீஸை எப்போதும் பையில் வைத்திருந்தார். வெறும் கொக்கியோடு போகும்போதும் கிரேன் சில தடவை நின்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மட்டும், அந்த நேரத்தில் தான் நின்றிருந்த இடத்தில் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, தூணில் நேரத்தையும் பக்கத்தில் இருந்தவர்களின் முதல் எழுத்தையும் எழுதினார். ஏழு தடவை. ஏழிலும் "மு" இருந்தது. ஏழு பெருக்கல் குறியும், ஷெட்டின் நடுவில் நிற்கும் பெரிய பிரஸ் மெஷினுக்கு அந்தப்பக்கம், கிரேனிலிருந்து தள்ளி இருந்தன.

முனிசாமி அண்ணன் வராத ஒன்பது வேலை நாளில் கிரேன் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அக்கா, அப்ப நிஜமாவே அவர் கண்ணுதானா?" என்று நான் கேட்டேன்.

"சும்மா இரு. நீயும் படிச்ச பிள்ளதானா?" என்று திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் வந்தா நிக்குது, வராட்டா நிக்கல. அது நெசம். ஆனா அவர்ட்ட கண்ணு மட்டுமா இருக்கு?" என்றார்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா நேராக முனிசாமி அண்ணனிடம் போனார். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு டம்ளர் தண்ணி குடிக்க வாங்க."

"வேணாம்மா. எங்கிட்ட பாட்டில் கீது."

"கோவமாண்ணே?"

"கோவம் இல்லம்மா. உனக்கு இன்னொரு மெமோ வந்தா, எம்பேரைச் சொல்லித்தான் வரும். எதுக்கோசரம் எனக்கு அந்தப் பாவம்?"

"நான் ஒங்க கண்ணைச் சொல்லல. இடுப்பைச் சொல்லுதேன்."

முனிசாமி அண்ணன் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். ரிமோட் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகும்போது அதை அவர் அணைப்பதே இல்லை. அணைத்தால் திரும்ப ஆன் செய்ய சாவி திருக வேண்டும், பச்சை பட்டனை அழுத்த வேண்டும், இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். யார் அதையெல்லாம் அரை மணிக்கு ஒரு தடவை செய்வது?

ராமப்பனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிழக்கு மூலைக்குப் போனார்கள். அக்கா பிரஸ் மெஷினுக்கு அந்தப்பக்கம், சாக்பீஸ் குறியின் மேல் நின்று, வெறும் கொக்கியோடு கிரேனை ஓட்டினார். முனிசாமி அண்ணன் ரிமோட்டை அணைத்துவிட்டுத் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று, கிரேனை முறைத்துப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்கண்ணே!"

"பாத்துகினுதான் கீறேன்!"

கிரேன் ஓடியது.

"இப்ப ரிமோட்டை ஆன் பண்ணுங்க. கிரேனைப் பாக்காதீங்க. செவுத்தைப் பாருங்க."

அவர் ஆன் செய்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். கிரேன் நான்கு அடி போய் நின்றது. கொக்கி மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது.

"தேவுடா!" என்று ராமப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வார்த்தையைச் சொன்னபோதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அக்கா சொன்னார். அவர் மூன்று ரிமோட்டையும் வாங்கி, பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருக்கும் சின்னத் திருகு ஒன்று, ரிமோட் எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று காட்டும். மூன்றிலும் ஒன்பது.

அது எப்படி வந்தது என்பதும் ராமப்பனுக்கு நினைவு வந்தது. எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கம்பெனி முதலாளி கிருஷ்ணகிரிக்காரர். அவருடைய காரும், நான்கு லாரியும், போன் நம்பரும், எல்லாம் கூட்டினால் ஒன்பது வரும். மூன்று வருஷத்துக்கு முன் கிரேன்களில் பெட்டி பொருத்த வந்தவர், "சேனல் தானா மாறிக்கிற மாதிரி விட்டுடவா, இல்ல ஒரு நம்பர்ல நிறுத்தவா?" என்று ஆபீசில் கேட்டார். யோசிக்கவே இல்லை. "ஒன்பதுல போடுங்க. மூணையும்" என்று பதில் வந்தது. அப்போது ஆர்டர் குறைவு. ஒரு ஷிப்டில் ஒரு கிரேன்தான் ஓடும். அதனால் வெளியே தெரியவில்லை. ஏப்ரலில் ஆர்டர் கூடி மூன்றும் சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது.

ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால், பெட்டிக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் குரல்தான் கேட்கும். மற்ற நேரம் அவரவர் கிரேனுக்கு அவரவர்தான் பக்கம். முனிசாமி அண்ணன் தண்ணீர் குடிக்க வரும்போது மட்டும், அக்காவின் கிரேனுக்கு அக்காவைவிட அவர் பக்கம். அக்காவின் குரலை நடுவிலிருக்கும் பிரஸ் மெஷின் வேறு மறைக்கிறது. அவருடைய ரிமோட்டுக்கு அடையாள எண் வேறு என்பதால் பெட்டி அதற்குக் கீழ்ப்படியாது. ஆனால் அந்தச் சத்தத்தில் அக்காவின் குரல் கேட்காது. அரை விநாடி பார்க்கும். நின்றுவிடும்.

"ஆளுக்கொரு நம்பர் கொடுத்தாப் போதுமே" என்று முனிசாமி அண்ணன் கேட்டார்.

"போதாது. பக்கத்து காம்பவுண்டுலயும் கிரேன் இருக்கு. அவங்க எந்த நம்பர்ல இருக்காங்களோ? ஆட்டோல விட்டா ரிமோட்டும் பெட்டியும் சேர்ந்து நம்பர் நம்பராக் குதிக்கும். ஒரு விநாடிக்கு அம்பது தடவை" என்றார் ராமப்பன்.

"குதிச்சா ரெண்டும் எப்பிடிப்பா ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிக்கும்?"

இந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் எங்கள் பாத்ரூம் கதவைக் காட்டினார்.

எங்கள் லைனில் ஆறு வீடு, பாத்ரூம் இரண்டு. முன்பு எல்லோருக்கும் காலை ஐந்தரை மணிதான் வேண்டும். கம்பெனி பஸ் ஆறேகாலுக்கு. ஐந்தரைக்கு ஆறு வீட்டு வாளியும் கதவு முன்னால் நிற்கும். சண்டையில் யாரும் குளிக்காமல் பஸ் ஏறிய நாள்கூட உண்டு. ஐந்து மணிக்கும் நாலே முக்காலுக்கும் பாத்ரூம் காலியாகக் கிடக்கும். அக்காதான் காலண்டர் தாளின் பின்பக்கம் அட்டவணை போட்டார். ஒரு வீட்டுக்கு இன்று ஐந்தரை என்றால் நாளைக்கு ஐந்தே கால், அதற்கு மறுநாள் ஐந்து. நல்ல நேரம் யாருக்கும் சொந்தமில்லை. எல்லோருக்கும் முறை வரும். அந்த அட்டவணை ஒவ்வொரு வீட்டுக் கதவின் உள்பக்கமும் ஒட்டியிருக்கிறது. அதனால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ரிமோட்டிடமும் பெட்டியிடமும் அப்படி ஒரே அட்டவணை இருக்கிறது. முதலில் நான்கு, அடுத்து பதினேழு, அப்புறம் ஒன்பது, அப்புறம் இரண்டு என்று இரண்டும் ஒரே நேரத்தில் மாறும். மற்ற கிரேனின் அட்டவணை வேறு. என்றைக்காவது இரண்டும் ஒரே நம்பரில் மோதினால், விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் வீண். அடுத்த குதியில் விலகிவிடும். பெட்டி அரை விநாடி பொறுக்கும் என்பதால் கிரேனுக்கு அது தெரியவே தெரியாது.

இவ்வளவும் கண்டுபிடித்த பிறகும், ராமப்பன் திருகைத் தொடப் பயந்தார். "ஒன்பதை எடுத்தேன்னு தெரிஞ்சா என்னை எடுத்துடுவார்."

விஜயகுமாரிடம் சொன்னார்கள். அவர் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. மூவரையும் முதலாளி அறைக்கு அழைத்துப் போனார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. ஆனா ஒன்பதை மாத்தினா எனக்கு மனசு ஒப்பலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலையோடு சொன்னார். ராமப்பன் தரையைப் பார்த்தார்.

"ஒன்பதை எடுக்கல சார்" என்றார் அக்கா. "அதுவும் உள்ள இருக்கு. ஒவ்வொரு விநாடியும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோ ஒன்பது வந்துட்டுத்தான் போகும். இப்ப மூணு பேரும் ஒரே நேரத்துல அதுமேல ஏறி உக்காந்திருக்கோம். அதுக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்."

முதலாளி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஒவ்வொரு விநாடியும் வருமா?"

"வரும் சார்" என்றார் ராமப்பன், இப்போது தைரியமாக.

"அப்ப மாத்துங்க. ஆனா லோடோட ஓட்டிக் காட்டணும். நான் பாக்கணும்."

விஜயகுமார் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "லோடோட நின்னுதுன்னா அது மூணாவதுதான். முதலாளி முன்னாடி வேற. வேணாம்னா இப்பவே சொல்லுங்க. வெறும் கொக்கியோட காட்டிக்கலாம்."

"லோடோடயே செய்யுதேன் சார்" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது மணிக்கட்டு வலித்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். வீக்கமே இல்லாத கை வலித்ததாம்.

மறுநாள் காலை பதினொரு மணி. நீளமாக மஞ்சள் கயிறு கட்டி, உள்ளே யாரும் வராமல் தடுத்தார்கள். மூன்று டன் அச்சில் பெல்ட் மாட்டினார்கள். ராமப்பன் ஆட்டோவுக்கு மாற்றிய மூன்று ரிமோட்டும் ஆனில். முனிசாமி அண்ணன் கயிற்றுக்கு வெளியே, தண்ணீர் மெஷினை ஒட்டி, டம்ளரும் கையுமாக நின்றார். அக்கா தன் பழைய பெருக்கல் குறியின் மேல் போய் நின்றார். அதைவிட மோசமான இடம் அந்த ஷெட்டிலேயே இல்லை.

இரண்டு ஹாரன். அச்சு தரையை விட்டு எழுந்தது. மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது. பிரஸ் மெஷினைத் தாண்டும் இடம் வந்தபோது முனிசாமி அண்ணன் தண்ணீர் பிடிக்க மறந்து, காலி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கிரேன் முன்பு நின்ற இடம் எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். முதல் இடம் போனது. இரண்டாவது இடம் போனது. ஏழாவது தடவை நின்ற இடமும் போனது. அச்சு ஆடவே இல்லை. கிழக்குப் பக்கத்து இரும்பு மேடையில், டக்கென்ற சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்தது.

"இன்னொரு தடவை" என்றார் விஜயகுமார்.

போய் வந்தது. அவர் மறுபடியும், "இன்னும் ஒரு தடவை" என்றார். ஐந்து தடவை ஓட்டச் சொன்னார். ஐந்தாவதில்தான் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. அன்று மாலையே இரண்டு மெமோவின் மேலும் "பழுது ரிமோட் செட்டிங்கில். ஆபரேட்டர் மேல் தவறில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அக்காவிடம் கொடுத்தார்.

பேக்கிங் ஆள் ஒருவர் ஏணியில் காய்ந்து தொங்கிய எலுமிச்சம்பழத்தை அறுக்கப் போனார். முனிசாமி அண்ணன் தடுத்துவிட்டார்.

"டேய், அது எம்பேர்ல கட்டினது. கெடக்கட்டும். யாராச்சும் என்னைக் கேலி பண்ணா அதைக் காட்டணும்."

அன்றைக்கு அக்கா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகச் சொல்லும் இரண்டில் எதையும் அவர் சொல்லவில்லை. மணிக்கட்டையும் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"முனிசாமி அண்ணன் நாலு டம்ளர் குடிச்சாரு. ரிமோட்டை அணைக்காமலே" என்றார்.